30 நாள் என்றால் எந்த நாளிலிருந்து?

சிங்கப்பூரில் சிறு தொழில் நடத்தும் நம்மவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கேட்டரிங், ஏர்கான் சர்வீஸ், லாரி, துப்புரவு என்று பல தொழில்கள். வேலையில் யாரும் குறை வைப்பதில்லை, காசு கேட்பதற்குத்தான் கூச்சம். "பெரிய கம்பெனி, எங்கே ஓடிவிடப் போகிறார்கள்?" என்பார்கள். ஓடமாட்டார்கள், சரி. ஆனால் உங்கள் ஆட்களின் சம்பளத்தைச் சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மத்திய சேமநிதியை மறுமாதம் 14ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் 90 நாள் இழுத்தால் அத்தனை நாளும் அவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது நீங்கள்தான்.

நான் பார்க்கும் இன்வாய்ஸ்களில் பாதிக்கு மேல் '30 நாள்' என்று மட்டும் போட்டிருக்கும். எந்த நாளிலிருந்து 30? ஏப்ரல் 2ஆம் தேதி போட்ட இன்வாய்ஸுக்கு, அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் மே 2. மாதக் கடைசியிலிருந்து எண்ணினால் மே 30. எது தனக்குச் சாதகமோ அப்படித்தான் எதிர்த்தரப்பு எண்ணும். 'மே 2ஆம் தேதிக்குள் செலுத்தவும்' என்று தேதியையே அச்சடித்துவிடுங்கள். அதுவும் இன்வாய்ஸில் முதன்முறையாக முளைக்கக்கூடாது. கொட்டேஷனிலேயே எழுதி, அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். தாமத வட்டியும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் இல்லாத வட்டியை நாள் தாண்டிவிட்டது என்பதற்காக நீங்களாகச் சேர்த்துக் கேட்க முடியாது. மிரட்டலுக்காக அநியாய வட்டி எழுதினால் நீதிமன்றத்தில் அது தண்டத்தொகை என்று தள்ளுபடியாகலாம். மாதம் ஒரு சதவீதம் போல நியாயமாக வையுங்கள்.

கொட்டேஷனில் இருக்கும் வாடிக்கையாளர் கம்பெனியின் பெயரையும் யுஇஎன் என்ற பதிவு எண்ணையும், கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஒரே முதலாளிக்கு நாலு கம்பெனி இருக்கும். நாளைக்கு வழக்கென்று வந்தால் "அது நாங்கள் இல்லை" என்ற பதில் வரும்.

பணம் தாமதமாவதற்கு எப்போதும் கெட்ட எண்ணம்தான் காரணம் என்று நான் நினைப்பதில்லை. ஒரு கேட்டரிங்காரர், ஆலை ஒன்றின் விருந்துக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இன்வாய்ஸ் அனுப்பினார். ஒரு மாதத்துக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லை. போன் போட்டால், "பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் போடவில்லையே, அதனால் ஓரமாக வைத்திருக்கிறோம்" என்றார்களாம். திருத்தி அனுப்பிய தேதியிலிருந்து மறுபடியும் 30 நாள்! அதனால், இன்வாய்ஸ் அனுப்பிய ஒரு வாரத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு போன். கிடைத்ததா, ஏதும் குறை இருக்கிறதா, இந்த மாதம் எந்தத் தேதியில் பணம் போடுவீர்கள்? பல நிறுவனங்கள் மாதத்தில் ஓரிரு நாள்தான் பட்டுவாடா செய்யும், அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுதான். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் முதலாளிக்குப் போகிறது, பேமண்ட்டைத் தட்டிவிடுவதோ கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அக்கா. அவருடைய பெயராவது நமக்குத் தெரிய வேண்டாமா?

ஜிஎஸ்டி பதிவு செய்தவர்களுக்கு வலி இன்னும் அதிகம். மார்ச் மாதம் 12,000 வெள்ளிக்கு இன்வாய்ஸ் போட்டால் 9% வரி 1,080 வெள்ளி. மார்ச்சோடு காலாண்டு முடிந்தால் ஏப்ரல் கடைசிக்குள் அதைக் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் ஜூலையில் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, முதலில் உங்கள் கைக்காசுதான் போகும். ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளிக்கு மிகாதவர்கள், பணம் வந்த பிறகு வரி கட்டும் ரொக்கக் கணக்கு முறைக்கு விண்ணப்பிக்கலாம். வராக்கடனாகவே போய்விட்டால், சப்ளை செய்து 12 மாதம் கழித்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வழி உண்டு. இது தெரியாமல் விட்டவர்கள் நிறைய.

கெடு தாண்டிய மறுநாளே நினைவூட்டல் போகட்டும். "அடுத்த வாரம் கண்டிப்பா, அண்ணே" என்று பதில் வந்தால், "சரி தம்பி, எந்த இன்வாய்ஸ், எவ்வளவு, எந்தத் தேதி என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். பின்னால் "வேலை சரியில்லை, அதனால்தான் கொடுக்கவில்லை" என்று கதை மாறினால் அந்த ஒரு வரி கைகொடுக்கும். அந்தத் தேதியும் தாண்டினால், கெடு குறிப்பிட்டு முறையான கோரிக்கைக் கடிதம். நடுவில் வேலையை நிறுத்தும் உரிமை வேண்டுமென்றால் அதையும் கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்றாகிவிடலாம்.

கட்டுமானத் துறை சப்கான்ட்ராக்டர்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. "எங்களுக்கு மேலே இருந்து வந்தால்தான் உங்களுக்கு" என்ற நிபந்தனை அங்கே செல்லாது. மற்றவர்களுக்கு, 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே போய்ப் பேசலாம். ஆனால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பழகிய மனிதர் என்று தள்ளிப்போட்டே அந்தக் கெடுவைக் கோட்டைவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று தடவை இழுத்தடித்தவருக்கு நாலாவது கொட்டேஷனில் பாதித் தொகை முன்பணம் என்று போடச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள், பேரம் பேசுவார்கள். 30 சதவீதத்துக்கு இறங்கி வந்தாலும் பரவாயில்லை, சாமான் வாங்கும் காசு கைக்கு வந்துவிடும்.