மருந்தைக் கரைக்கும் புகை

"தம்பிக்கு சைக்கோசிஸ் வந்து, சிகிச்சையில் தேறிவிட்டான். ஓலான்சபின் சாப்பிடுகிறான். கஞ்சாவை அறவே விட்டாச்சு, சிகரெட் மட்டும்தான். அதில் பயமில்லையே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கஞ்சாவை விட்டதற்குத் தம்பியைப் பாராட்ட வேண்டும். சைக்கோசிஸ் என்பது இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம் என்று நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநிலை. அப்போது மூளையின் ஸ்ட்ரையாட்டம் பகுதியில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மிகையாகச் சுரக்கிறது. ஓலான்சபின் போன்ற மருந்துகள் பெரும்பாலும் அதன் ஏற்பிகளை, அதாவது செல்லில் அது வந்து ஒட்டும் இடங்களை, மறித்து வேலை செய்கின்றன. முதல் பாதிப்புக்குப் பிறகும் கஞ்சாவைத் தொடர்பவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்புகிறது, விட்டவர்களுக்கு அந்த ஆபத்து குறைகிறது என்று 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் இன்னும் மோசம். அதைப் பயன்படுத்தி சைக்கோசிஸ் வந்து தேறியவர்கள், நெடுநாள் விலகியிருந்த பிறகு கொஞ்சமாகத் தொட்டாலும் பழைய அறிகுறிகள் திரும்பலாம் என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, சிகரெட்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த உயிர்வேதியியல் இங்கேதான் இருக்கிறது.

ஓலான்சபின், அதே வகை மருந்தான க்ளோசபின் இரண்டையும் உடைத்து வெளியேற்றுவதில் முக்கியப் பங்கு சிஒய்பி1ஏ2 என்ற கல்லீரல் நொதிக்கு. புகையிலை எரியும்போது பல வளைய ஹைட்ரோகார்பன்கள் உருவாகின்றன. இவை கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து ஓர் ஏற்பியோடு ஒட்டிக்கொள்ள, அந்த ஜோடி உட்கருவுக்குள் போய், இந்த நொதிக்கான மரபணுவை முடுக்கிவிடுகிறது. செல் நொதியை மேலும் மேலும் தயாரிக்கிறது. புகையை வெளியேற்ற உடல் செய்யும் ஏற்பாடுதான் இது. ஆனால் அந்த நொதிக்குப் புகையின் நச்சும் மருந்தும் ஒன்றுதான். மாத்திரை தவறாமல் உள்ளே போகிறது, ரத்தத்தில் அதன் அளவோ இறங்கிக்கொண்டே வருகிறது. இதற்கு ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் போதும்.

இதில் நிகோட்டினுக்குப் பங்கில்லை, எல்லாம் புகையின் வேலை. அதனால் நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் ஆகியவை நொதியைத் தூண்டுவதில்லை. கஞ்சாவைப் புகைத்தாலோ, அந்தப் புகையிலும் இதே ஹைட்ரோகார்பன்கள் உண்டு.

இப்போது ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். புகைக்கத் தடையுள்ள மருத்துவமனையில் சில வாரங்கள் இருக்கிறார். நொதி தணிந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவருக்கு மருந்தளவு முடிவாகிறது. வீட்டுக்கு வந்து மறுபடி பற்ற வைக்கிறார். அப்புறம் அறிகுறிகள் தலைகாட்டினால், "மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை" என்று வீட்டில் பழி. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. புதுப்புது மூலக்கூறுகளைத் தேடக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை, ரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் சோதனையை எல்லோருக்கும் எட்டச் செய்வதற்குச் செலவிட்டால் எத்தனையோ பேர் மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டியிராது.

அதற்காக நாளைக்கே தம்பியின் சிகரெட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும், அதே மாத்திரையில் ரத்த அளவு ஏறும். அசதியும் தூக்கமும் கூடும். க்ளோசபின் என்றால் வலிப்புகூட வரலாம். புகையை விடுவது நல்லதுதான், சந்தேகமில்லை. நிறுத்தும் தேதியை முன்கூட்டியே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தளவை அவர் குறைக்க வேண்டியிருக்கலாம். இடையில் மறுபடி புகைக்கத் தொடங்கினால், அதையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.