கொப்பி நிறையவில்லை என்றால் பிள்ளை படிக்கவில்லை என்று அர்த்தமா?

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் பெற்றோர் முதலில் தூக்குவது பிள்ளையின் கொப்பியைத்தான். நாலு தாளைப் புரட்டுவார்கள், முகம் மாறும். "என்ன ரீச்சர், தவணை முழுவதும் விளையாட்டுத்தானா?" திருகோணமலை நகரத்தில் தரம் 2 படிப்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகியதுதான். ஆனால் இந்த முறை ஒரு தந்தை சாட்சிக்கு இன்னொரு கொப்பியையும் கொண்டுவந்தார். ரியூசன் கொப்பி. ஒன்று முதல் நூறு வரை, பக்கம் பக்கமாக, அச்சடித்தது போன்ற எழுத்து.

பிள்ளை பக்கத்தில் நின்றாள். எண்ணுவதற்கென்று கடற்கரையில் பொறுக்கிச் சேர்த்த சிப்பிகள் மேசையில் இருந்தன. பதினான்கு எடுத்து வைக்கச் சொன்னேன், வைத்தாள். 14 என்று எழுதச் சொன்னேன், எழுதினாள். இந்த 4 எந்தச் சிப்பிகள் என்று கேட்டேன். நான்கைப் பிரித்துக் காட்டினாள். சரி, இந்த 1? ஒரே ஒரு சிப்பியைத் தொட்டாள். மீதி ஒன்பதும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன. தந்தைக்கு இதில் என்ன பிழை என்றே பிடிபடவில்லை. "சரியாகத்தானே எழுதினாள்?" என்றார்.

ஐயா, அந்த 1 என்பது பத்து. இந்தத் தவணை முழுவதும் எங்கள் கணிதம் அதைச் சுற்றித்தான் நடந்தது. ஈர்க்குத் துண்டுகளை எண்ணி, பத்துப் பத்தாகக் கட்டி, றப்பர் வளையம் போட்டோம். கழிக்கும்போது கட்டை அவிழ்த்தோம். இது கொப்பியில் இருக்காது. இது இல்லாமல் மேல் வகுப்புக்குப் போகும் பிள்ளை 27ஐயும் 15ஐயும் கூட்டி 312 என்று எழுதும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டும் ஒன்றும் மூன்று. பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அப்போது "கவனமில்லை" என்று அடி விழும்.

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே ஏன் இவ்வளவு பதற்றம்? ஆரம்ப வகுப்புகளில் வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றும் கலந்துதான் கற்பிக்க வேண்டும். சின்ன வகுப்பில் விளையாட்டு கூட, எழுத்து குறைவு. மேலே போகப் போக அது மாறும். இது என் சோம்பலுக்கு நான் கண்டுபிடித்த முறை அல்ல. 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கிய சீர்திருத்தம். இன்று என் முன்னால் கொப்பியை ஆட்டுகிற பெற்றோரில் பலர் அந்த முறைக்குள் பள்ளிக்கு வந்தவர்கள்தான். அவர்களில் சிலர் 2004இல் கடலுக்கும் 2006இல் ஷெல்லுக்கும் பயந்து, படிப்பு அறுந்து, முகாம்களில் இருந்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தன் பிள்ளைக்கு ஒரு நாளும் வீணாகக் கூடாது என்ற பதைப்பு விளங்குகிறது. அதனால்தான் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீணாகவில்லை.

வகுப்பின் மூலையில் ஒரு கடை வைத்திருக்கிறோம். வெற்றுச் சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் உறை, கடதாசிக் காசு. 35 ரூபாய்ச் சவர்க்காரத்துக்கு 50 ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சம் எவ்வளவு? கடைக்காரப் பையன் கழிக்கவில்லை. ஐந்து ரூபாய் வைத்து "நாற்பது" என்றான், பத்து ரூபாய் வைத்து "ஐம்பது" என்றான், முடிந்தது. சந்தையில் மீன் விற்பவர் செய்கிற கணக்கு அது. வாங்க வந்த பிள்ளை "கீயத?" என்று சிங்களத்தில் விலை கேட்டாள். மூன்று மொழியும் புழங்கும் ஊரில் அதுவும் பாடம்தான். வரிசையில் நின்றார்கள், சண்டை பிடித்தார்கள், சமாதானமானார்கள். வெளியில் நின்று ஜன்னலால் பார்த்த ஓர் அம்மா அதிபரிடம் போய் "உள்ளே சந்தை இரைச்சல்" என்று முறையிட்டார். உண்மைதான், சந்தைதான்.

நகரத்தில் மான்கள் திரிவது நமக்குப் பழகிவிட்டது. அவை பொலித்தீன் தின்று சாவதும் பழகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பழகவில்லை, ஆகவே கேட்டார்கள். எத்தனை பேர் சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றில் சாப்பாடு கொண்டுவருகிறோம், எத்தனை பேர் பெட்டியில் என்று ஒரு வாரம் எண்ணி, ஆளுக்கொரு தீப்பெட்டியாக அடுக்கி எது உயரம் என்று பார்த்தோம். சுற்றாடல், கணிதம், தமிழ் மூன்றும் அதற்குள் வந்துவிட்டன. பிறகு ஒரு வீட்டிலிருந்து புகார்: மகள் லஞ்ச் சீற் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறாளாம். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மா. அவள் எண்ணினாள்.

வாசிப்பில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. பாடப் புத்தகத்தை மகன் கடகடவென்று வாசிக்கிறான் என்று மகிழ்கிறீர்கள். அதே சொற்களை ஒரு துண்டுக் கடதாசியில் இடம் மாற்றி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். திணறினால், அவன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான். எழுத்திலும் அப்படித்தான். 'கெ'யில் காதுக்கு முதலில் கேட்பது க், கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. அதனால் கொம்பைப் பின்னால் போடுகிற பிள்ளை காதால் கேட்டு எழுதுகிறது, மந்தம் இல்லை. ஆறு ஏழு வயதில் 3ஐயும் 7ஐயும் திருப்பி எழுதுவதும் பரவலானது. அதற்குப் பிரம்பு எடுக்காதீர்கள். மணிக்கட்டு எலும்புகள் முற்ற இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. களிமண் பிசைவதும் கடதாசி கிழித்து ஒட்டுவதும் அந்தக் கைக்குத்தான்.

வீட்டுவேலையை நீங்கள் எழுதி அனுப்ப வேண்டாம். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5இல் வருகிறது, தரம் 2இல் அதற்கு ரியூசன் கேட்டு என்னிடம் வராதீர்கள். "ரீச்சர் ஒன்றும் படிப்பிப்பதில்லை" என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள், மறுநாள் காலை அது அப்படியே என்னிடம் வந்து சேர்கிறது. ஏழரைக்கு முன் கொண்டுவந்து விடுங்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா, சின்னச் சொற்களைக்கூட ஆண்டு முடியும்வரை கூட்டி வாசிக்க முடியவில்லையா, உடனே வந்து சொல்லுங்கள். தரம் 1இல் சுகாதாரப் பகுதியினர் பரிசோதித்து, கண்ணைக் காட்டச் சொல்லிக் கொடுத்த துண்டை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளை படிக்கவில்லை என்று ரியூசனுக்குக் காசு கொடுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

அடுத்த தவணை நீர் பற்றிப் படிக்கப் போகிறோம். ஊற்றி அளந்து பார்க்க யோகட் கோப்பைகளும் வெற்றுப் போத்தல்களும் வேண்டும். கழுவி அனுப்புங்கள். போன முறை வகுப்பு முழுவதும் எறும்பு.