நிவாரண முகாம்: தலைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர்?

புயலுக்கோ வெள்ளத்துக்கோ பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தால், அங்கே கிடைப்பதெல்லாம் அதிகாரிகள் பார்த்துச் செய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 12-ஆம் பிரிவு அப்படி விடவில்லை. முகாமில் இடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்கிறது. அந்த அளவுகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்திருக்கிறது. பெரும்பாலும் ஆள் கணக்குதான் என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஊராட்சியும் வி.ஏ.ஓ.வும் தன்னார்வக் குழுவும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிடலாம்.

300 பேர் உள்ள ஒரு கடலோரக் குப்பத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒருவருக்குக் கூரையுள்ள இடம் 3.5 சதுர மீட்டர். 300 பேருக்கு 1,050. இருபதுக்கு இருபது அடி வகுப்பறை சுமார் 37 சதுர மீட்டர், அதில் பத்துப் பேர் தங்கலாம். எட்டு வகுப்பறை உள்ள நடுநிலைப் பள்ளி எண்பது பேருக்குத்தான் போதும். நடைமுறையில் அறைக்கு நாற்பது பேரை அடைப்பதால்தான் இரண்டாம் நாளே ஆட்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மலைப்பகுதிக்கு மட்டும் இந்த அளவில் தளர்வு உண்டு. சமவெளியில் இன்னும் இரண்டு மூன்று கட்டடங்களை முன்பே பேசிவைக்க வேண்டும்: பல்நோக்குப் பாதுகாப்பு மையம், திருமண மண்டபம், சமுதாயக் கூடம். சாவி யாரிடம் இருக்கிறது, நள்ளிரவில் அவர் போனை எடுப்பாரா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், கழிப்பறைக்கும் குளிக்கவும் 15 லிட்டர். 300 பேருக்கு 900-உம் 4,500-உம், ஆக 5,400 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் லாரி ஒன்று தினமும் வந்தால் போதும். மேல்நிலைத் தொட்டி இருக்கிறதே என்று நம்பி உட்காரக் கூடாது. புயலில் முதலில் போவது கரண்ட், மோட்டார் ஓடாது, தொட்டி ஒரே நாளில் காலி. ஜெனரேட்டருக்கு டீசல் இருப்பு வையுங்கள், புயல் கரையைக் கடப்பதற்கு முந்தைய நாளே தொட்டியை நிரப்பிவிடுங்கள். லாரித் தண்ணீரில் குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு அரை மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

கழிப்பறை 30 பேருக்கு ஒன்று, இங்கே பத்து வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி. தங்குமிடத்திலிருந்து 50 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. குழிக் கழிப்பறையானால் கிணறு, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது விலக வேண்டும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே நிற்க வேண்டும். கடலோர மணலில் மழைக்காலத்தில் தண்ணீர் சில அடியிலேயே ஊறும் என்பதால் அங்கே குழி தோண்டுவது வீண். நடமாடும் கழிப்பறை வண்டியை முன்கூட்டியே கேளுங்கள். போகும் வழியில் விளக்கு இல்லையென்றால் பெண்கள் இரவில் போகமாட்டார்கள், அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். சானிட்டரி நாப்கின் தருவதும் விதியில் உள்ளதே.

உணவு பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,400 கிலோகலோரி, குழந்தைக்கு 1,700. மூன்று வேளையும் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தாலும் பெரியவர் அளவு எட்டாது. தலைக்கு அரிசி 450 கிராம், பருப்பு 70, எண்ணெய் 40, சர்க்கரை 30, கொஞ்சம் காய்கறி என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். எல்லோரையும் பெரியவராகவே எண்ணினால் 300 பேருக்கு ஒரு நாளைக்கு அரிசி 135 கிலோ, பருப்பு 21 கிலோ, எண்ணெய் 12 கிலோ. குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பால் தனி.

இந்தக் கணக்கெல்லாம் அந்த 300 என்ற எண் சரியாக இருந்தால்தான் நிற்கும். சறுக்குவது அங்கேதான். ரேஷன் கார்டுப் பட்டியலை வைத்துத் தலையெண்ணினால் ஏரிக்கரையில் கார்டு இல்லாமல் இருக்கும் இருளர் குடும்பங்களும், செங்கல் சூளைத் தொழிலாளர்களும், வடமாநிலத்தவரும் விடுபடுவார்கள். தெருத்தெருவாக நடந்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரசவத் தேதி நெருங்கியவர், டயாலிசிஸ் செய்பவர், இன்சுலின் போடுபவர், படுக்கையில் இருப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஆகியோருக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கர்ப்பிணியை முகாமுக்குக் கொண்டுவருவதைவிட முந்தைய நாளே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது மேல். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அவற்றை விட்டு வரமாட்டார்கள், மேட்டில் ஒரு இடமும் வைக்கோலும் பார்த்துவைத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

முகாமில் வந்தவர்கள் எல்லோரையும் எழுதும் பதிவேட்டோடு, கணவரை இழந்த பெண்களுக்கும் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். பேரிடர் நடந்து 15 நாளுக்குள் கணவரை இழந்ததற்கான சான்றை வருவாய்த் துறை தர வேண்டும், 45 நாளுக்குள் உதவித்தொகை கைக்கு வர ஏற்பாடாக வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் இந்தக் கெடுவைக் காட்டிக் கேட்க ஆதாரம் இருக்காது.

இழப்பீடு முகாமிலிருந்து தனி விஷயம், ஆனால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மாநிலப் பேரிடர் நிதியின் 2022–26 விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய். மாநில அரசு தன் பங்கில் கூட்டித் தரலாம். 2024 ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழக அரசு முறையே 5 லட்சமும் 10,000-உம் அறிவித்தது. கவனிக்க வேண்டியது, வீட்டை எந்த வகையில் எழுதுகிறார்கள் என்பது. அந்த 2022–26 விதிப்படி முழுதாக இடிந்த வீடு, மண்சுவர்க் கச்சா வீடானாலும், சமவெளியில் 1.20 லட்சம் பெறும். அதையே குடிசை என்று எழுதினால் 8,000. ஆய்வுக்கு வருபவரிடம் சுவர் எதனால் ஆனது, எத்தனை சுவர் விழுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். இடிபாட்டை அகற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். மாடு, ஆடு செத்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும்வரை புதைக்காதீர்கள்.

முகாமில் குறை இருந்தால் முதலில் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுங்கள். அசையவில்லையென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. "வசதி இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எழுதிக்கொள்வதில்லை. "210 பேர், 3 கழிப்பறை, 7 இருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.