கோச் என்றால் பயிற்சியாளரா, பயிற்றுநரா?

ரயில் நிலையத்தில் நம் கோச் எங்கே நிற்கும் என்று பலகையைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறோம். மாலையில் மைதானத்துக்குப் போனால், 'கோச் வந்துட்டாரா?' என்று கேட்கிறோம். பெட்டியும் கோச், ஆட்டம் சொல்லிக்கொடுப்பவரும் கோச். தற்செயலாக ஒரே ஒலியில் அமைந்த இரண்டு சொற்கள் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டும் ஒரே சொல்தான், ஒரே ஊரிலிருந்து கிளம்பியதுதான்.

அந்த ஊர் ஹங்கேரியின் வடமேற்கில் இருக்கிறது. அதன் பெயரே கோச். வியன்னாவுக்கும், இன்றைய புடாபெஸ்டின் பகுதியான புடாவுக்கும் இடைப்பட்ட பாதையில் உள்ள சின்ன ஊர். 15ஆம் நூற்றாண்டில், மத்தியாஸ் கொர்வினுஸ் அரசர் காலத்தில், அங்கே செய்த குதிரை வண்டிகள் வேகத்துக்கும் வசதிக்கும் பெயர்பெற்றன. பத்தமடைப் பாய் என்று ஊர்ப்பெயரைப் பொருளுக்கு வைத்துச் சொல்வோம் இல்லையா, அப்படித்தான் 'கோச் ஊர் வண்டி' என்ற பொருளில் 'கோச்சி' என்றார்கள். ஜெர்மனியில் அது 'குட்ஷே' ஆனது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் வேறு வேறு உச்சரிப்பில் பரவி, 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குள் 'கோச்' என்று நுழைந்தது. குதிரை போய் ரயில் வந்தபோது பெயர் பெட்டிக்கு மாறியது. யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் ரயிலையே 'கோச்சி' என்பார்கள். ஹங்கேரிய வண்டியின் பெயரைப் போலவே ஒலிக்கும் சொல் அங்கே புழங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, வண்டி எப்படி மனிதரானது? 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள், தேர்வில் தங்களைக் கரைசேர்க்கும் தனி ஆசிரியரைக் 'கோச்' என்று கொச்சையாக அழைக்கத் தொடங்கினார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், அவர் இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் இறக்கிவிடுவார் என்பது எண்ணம். 1860களில் சொல் விளையாட்டுக்கும் வந்துவிட்டது. ஆக, இந்தச் சொல்லின் அடியில் இருக்கும் படம் சுமந்து செல்லும் வண்டி. கற்பவர் பயணி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச்சொல் வேறொரு படத்தைக் காட்டும்.

இந்தச் சொல்லுக்கு மிகப் பெரிய மரியாதை கிடைத்த இடம், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே ஒருவர் ஓய்வுபெற்று இருபது வருடம் ஆனாலும் பெயரைச் சொல்லாமல் 'கோச்' என்றே கூப்பிடுவார்கள், நம் ஊரில் 'வாத்தியார்' என்பது ஒட்டிக்கொள்வதைப் போல. ஆனால் அந்த ஆட்டத்தின் தொடக்க காலத்தில் கோச்சுக்கு ஆட்டநாளில் வேலையே இல்லை. களத்தில் அணித்தலைவர் சொல்வதுதான் முடிவு.

அந்த ஆட்டத்தின் தந்தை என்று சொல்லப்படும் வால்டர் கேம்ப்பையே எடுத்துக்கொள்வோம். 1888இல் யேல் பல்கலைக்கழக அணிக்கு அவர்தான் தலைமைப் பொறுப்பு. பகலில் அவருக்கு ஒரு கடிகார நிறுவனத்தில் உத்தியோகம். அதனால் அவர் மனைவி ஆலிஸ் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய், யார் எங்கே தடுமாறினார் என்று கவனித்துக் குறித்துக்கொண்டு வருவார். மாலையில் அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் கேம்ப் வீட்டுக்கு வருவார்கள், குறிப்புகளை வைத்துப் பேசுவார்கள். அந்தப் பருவத்தில் யேல் 13 ஆட்டங்களிலும் வென்றது. எடுத்த மொத்தப் புள்ளி 698, கொடுத்தது பூஜ்யம். என்னைக் கேட்டால் அந்தப் பெயரில் பாதி ஆலிஸுக்குச் சேர வேண்டும்.

தொழில்முறை ஆட்டத்திலும் இதே கதைதான். கோச் பக்கவாட்டில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்வதை, தொழில்முறை அணிகளின் சங்கமான என்.எஃப்.எல். 1944இல்தான் அனுமதித்தது. அதுவரை வார நாட்களில் பழக்கிவிடுவதோடு அவர் வேலை முடிந்தது. இன்று நாம் தொலைக்காட்சியில் காண்பது, காதில் ஒலிக்கருவி மாட்டி, கையில் பெரிய அட்டையோடு நிற்கும் ஆளை. அதனால் வியூகம் வகுப்பதுதான் கோச் வேலை என்று தோன்றும். வரலாற்றில் அது பின்னால் வந்து சேர்ந்தது. முதல் வேலை பழக்குவதே.

இப்போது தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'பயிற்சியாளர்' என்று எழுதுகின்றன. இலங்கைப் பத்திரிகைகளில் 'பயிற்றுவிப்பாளர்'. மூன்றாவதாக 'பயிற்றுநர்' இருக்கிறது. என் ஓட்டு இந்த மூன்றாவதுக்கு.

மூன்றுக்கும் வேர் 'பயில்' என்ற வினை. இன்று அதைப் படிப்பது, கற்பது என்ற பொருளில் மட்டும் புழங்குகிறோம். ஆனால் பள்ளிக்கூடத் தேர்வில் எல்லோரும் ஒருமுறையாவது எழுதியிருப்போம்: 'இப்பாடலில் உவமையணி பயின்று வந்துள்ளது.' அங்கே பயில்வது கற்பது அல்ல, நிறைந்து வருவது, திரும்பத் திரும்பத் தென்படுவது. வள்ளுவர் நட்பைச் சொல்லும்போது 'நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடையாளர் தொடர்பு' என்கிறார். பழகப் பழக இனிக்கும் என்பது அதன் கருத்து. நெருங்குதல், பழகுதல், மீண்டும் மீண்டும் நிகழ்தல் மூன்றும் சேர்ந்ததுதான் பயில்தல். ஒருமுறை கேட்டுப் புரிந்துகொள்வது பயில்தல் ஆகாது. உடம்பில் படிய வேண்டும்.

இதற்குப் பிறவினை 'பயிற்று'. சுழல் என்பது சுழற்று ஆவதுபோல, கழல் என்பது கழற்று ஆவதுபோல, பயில் என்பது பயிற்று ஆகிறது. தானே செய்தால் பயில்வது, இன்னொருவரைச் செய்யவைத்தால் பயிற்றுவது. அதைச் செய்பவர் பயிற்றுநர். கோச் என்ற சொல்லில் ஆசிரியர் சுமக்கிறார், மாணவர் உட்கார்ந்திருக்கிறார். பயிற்றுநர் என்பதில் செயல் முழுக்க மாணவருடையது, ஆசிரியர் அதைத் திரும்பத் திரும்ப நிகழவைக்கிறார். தமிழ்ச்சொல்தான் மைதானத்துக்கு அருகில் இருக்கிறது.

ஏன் என்று ஒரு காட்சியில் சொல்கிறேன். தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக், பந்தை வாங்கியதும் மூன்று காலடி பின்வாங்கி எறிவது அந்த ஆட்டத்தின் பாலபாடம். வலக்கை ஆட்டக்காரர் என்றால் முதலில் வலதுகால் பின்னே போகும், அப்புறம் இடதுகால் குறுக்கே தாண்டும், மூன்றாவதாக வலதுகால் தரையில் ஊன்றும். அந்தக் கால் ஊன்றும் நொடியில் பந்து கையை விட்டுக் கிளம்ப வேண்டும். அதே நேரத்தில் ஓரத்தில் நிற்கும் ரிசீவர், அதாவது பந்தைப் பிடிக்க வேண்டியவர், மூன்று காலடி முன்னே ஓடி, சட்டென்று உள்பக்கம் சாய்வாகத் திரும்புவார். இவர் காலடியும் அவர் காலடியும் ஒரே கணக்கு. திரும்பிய பிறகு அவரைத் தேடிப் பார்த்து எறிந்தால் காலம் கடந்துவிடும். அவர் வந்து சேரப்போகும் இடத்துக்குப் பந்து முன்பே புறப்பட்டிருக்க வேண்டும். 1980களில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை எழுப்பிய பயிற்றுநர் பில் வால்ஷ், எறியும் கையைவிடக் கால்களைத்தான் உற்றுப் பார்த்தார் என்றே சொல்லலாம். அவர் வகுத்த தாக்குதல் முறை முழுதும் இந்த அடிக்கணக்கின் மேல் நின்றது. நம் சிலம்ப ஆசான்கள் கம்பை வேகமாகச் சுழற்றவிடுவதற்கு முன் காலடி பழக்குவார்கள் அல்லவா? அமெரிக்கர்களின் 'ஃபுட்வொர்க்' என்பதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. காலடி என்றே எழுதலாம்.

பயில்தொறும் என்ற சொல்லுக்கு இன்னொரு உரை எழுதியவர் வின்ஸ் லொம்பார்டி. கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக 1959இல் வந்தவர். அதற்கு முன் நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் லத்தீனும் இயற்பியலும் வேதியியலும் நடத்தியவர். அவர் அணியின் பெயர்பெற்ற ஆட்ட நகர்வு 'ஸ்வீப்'. முன்வரிசையின் நடுப்பகுதியில் நிற்கும் 'கார்டு' என்னும் இரண்டு ஆட்டக்காரர்கள், தங்கள் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடி, பந்தோடு வருபவருக்கு முன்னால் வழி திறப்பார்கள். எதிரணியின் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் எந்தப் பக்கம் போக நினைக்கிறாரோ அந்தப் பக்கமே அவரைத் தள்ளிக்கொண்டு போவார், முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட். பந்து வைத்திருப்பவர் திறந்த பக்கமாகத் திரும்புவார். இவ்வளவுதான். இது வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இந்த ஒரே நகர்வைப் பற்றி லொம்பார்டி எட்டு மணி நேரம் வகுப்பெடுத்ததை, அப்போது இளம் பயிற்றுநராக உட்கார்ந்து கேட்ட ஜான் மேடன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை அந்த அணி பட்டம் வென்றது, சூப்பர் பௌல் என்னும் இறுதிப்போட்டிகளில் முதல் இரண்டும் அதில் அடக்கம். சின்ன ஊர் அணி அது என்பதை நினைத்தால் பயிற்றுதலின் பலம் புரியும்.

தவறாகப் பயிற்றினால் தவறும் அப்படியே படியும். 'ஓக்லஹோமா டிரில்' என்று ஒன்று இருந்தது. இரண்டு பேரை ஒரு குறுகிய இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி மோதவிடுவது. வீரத்தைச் சோதிக்கிறோம் என்று பல தலைமுறையாகச் செய்தார்கள். தலையில் படும் அடிகளைப் பற்றிய கவலை வளர்ந்த பிறகு, 2019இல் என்.எஃப்.எல். அணிகள் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. இன்னும் முன்பே கைவிட்டிருக்கலாம்.

'பயிற்சியாளர்' மேல் எனக்கு என்ன குறை? பயிற்சி உடையவர், பயிற்சியில் இருப்பவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். முயற்சியாளர் முயல்பவர்தானே, முயலவைப்பவர் அல்லவே. மருத்துவமனையில் 'பயிற்சி மருத்துவர்' என்றால் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். அப்படியிருக்க, பயிற்சியாளர் என்று பொதுவாக எழுதினால் கற்பவரா கற்பிப்பவரா என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேரும். அங்கே 'டிரெய்னர்' என்பவர் கோச் அல்ல. காயத்துக்குக் கட்டுப்போடுவது, கணுக்காலைச் சுற்றி ஒட்டுவது, அடிபட்டவர் திரும்ப ஆடலாமா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. இரண்டு பேரையும் பயிற்சியாளர் என்று மொழிபெயர்த்த ஒரு செய்தியை ஒருமுறை படித்தேன். வியூகம் வகுப்பவரே முழங்காலுக்கும் மருந்து போடுகிறார் என்ற குழப்பம்தான் மிஞ்சியது. கோச்சைப் பயிற்றுநர் என்றும், டிரெய்னரைக் காயப் பராமரிப்பாளர் என்றும் பிரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இலங்கையின் 'பயிற்றுவிப்பாளர்' பொருளில் குறையில்லாத சொல். பயிற்று என்பதிலேயே பிறவினை இருக்க, அதன்மேல் இன்னொரு 'வி' ஏறியிருக்கிறது, நீளமும் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் அங்கே வேரூன்றிய வழக்கு. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

பயிற்றுநர் என்று வைத்துக்கொண்டால் கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. தலைமைப் பயிற்றுநர், தாக்குதல் பயிற்றுநர், தடுப்புப் பயிற்றுநர், ஓர் இடத்து ஆட்டக்காரர்களை மட்டும் பார்த்துக்கொள்பவர் என்றால் குவார்ட்டர்பேக் பயிற்றுநர். கற்பவரைப் பயிலுநர் எனலாம். வண்டி ஓட்டப் பழகுபவருக்குப் 'பழகுநர் உரிமம்' என்று அரசே எழுதுகிறதே, அந்த வழிதான். 'டிரில்' என்பதற்குக் காவல்துறையில் 'கவாத்து' உண்டு. ஆனால் அது அணிவகுப்பு வாசனையோடு வருகிறது, தவிரவும் தோட்டக்காரருக்கு அது கிளை வெட்டுவது. ஆட்டத்துக்கு 'தொடர்பயிற்சி' போதும்.

களத்தில் திட்டம் சொல்லும் வேலைக்கும் இந்தச் சொல் தாங்குமா என்று கேட்கலாம். தாங்கும். பால் பிரவுன் என்ற பயிற்றுநர் 1946 முதல் கிளீவ்லாந்து அணியில் வகுப்பறையையே கொண்டுவந்தார். ஒவ்வோர் ஆட்ட நகர்வையும் ஆட்டக்காரர்கள் தங்கள் கையாலேயே நோட்டில் எழுத வேண்டும் என்பது அவர் விதி. 1956இல் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலி வைத்துப் பேசிப் பார்த்தார். என்.எஃப்.எல். தடுத்துவிட்டது. 1994இல் அதே யோசனையை அதுவே ஏற்றுக்கொண்டது, ஒரு கட்டுப்பாட்டோடு. ஒவ்வொரு நகர்வையும் தொடங்கக் கொடுக்கப்படும் நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு காதில் யாரும் இல்லை. எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து முடிவெடுப்பது, மூன்றடி பின்வாங்குவது, எறிவது எல்லாம் வாரம் முழுக்கப் பயிற்றியது எவ்வளவு படிந்திருக்கிறதோ அவ்வளவுதான்.

கடைசியாக எழுத்து. பலர் 'பயிற்றுனர்' என்று றன்னகரம் போடுகிறார்கள். விகுதி 'நர்'. ஓட்டுநர், இயக்குநர், ஆளுநர், பெறுநர், அனுப்புநர் எல்லாவற்றிலும் தந்நகரம்தான். பயிற்றுநரிலும் அதுவே.