வளைவில் வேகம் குறைக்காத நாய்

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் கியரைக் குறைத்து, வேகத்தை அடக்கித்தான் வண்டியைத் திருப்புகிறார். வளைவில் ஓடும் மனிதனும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறான். ஒவ்வொரு காலடியையும் சற்றுக் கூடுதல் நேரம் தரையில் வைத்திருக்கிறான். அந்த நேரத்துக்குள் பாரம் பரவிவிடுவதால் கால் தாங்கிக்கொள்கிறது. வேகம் மட்டும் குறைகிறது. ஓட்டப் பந்தயத்துக்குப் பேர்போன கிரேஹவுண்ட் நாய் அப்படிச் செய்வதில்லை.

லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியின் ஜேம்ஸ் அஷர்வுட், ஆலன் வில்சன் இருவரும் 2005-ல் இதை அளந்து காட்டினார்கள். இறுக்கமான வளைவுக்குள் நுழையும் கிரேஹவுண்ட், தன் பாதம் தரையில் இருக்கும் நேரத்தைக் கூட்டுவதே இல்லை. விளைவாக அதன் கால்களில் இறங்கும் விசை 65 சதவீதம் உயர்கிறது. பள்ளிக்கூடக் கணக்கிலேயே இதைச் சரிபார்க்கலாம். நாயின் வேகம் நொடிக்கு 16 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 58 கிலோமீட்டர். வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16-ஐ 16-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 12.8. பக்கவாட்டில் இழுக்கும் இந்த முடுக்கத்தையும், கீழே இழுக்கும் புவியீர்ப்பின் 9.8-ஐயும் செங்கோண முக்கோணமாக்கிக் கூட்டினால் 16.1 கிடைக்கும்; இது 9.8-ஐப்போல் சுமார் 1.64 மடங்கு. 30 கிலோ எடையுள்ள நாயின் கால்கள் அந்த வளைவில் 49 கிலோ நாயைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. பந்தயத் தடங்களின் வளைவுகள் பொதுவாக இதைவிட அகலமானவை; கூடுதல் பாரம் குறையும், இல்லாமல் போகாது.

இவ்வளவு பாரம் ஏறியும் வேகம் ஏன் குறைவதில்லை? வேகத்தைத் தரும் தசைகள் தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் குவிந்திருக்கின்றன. இடுப்பு மூட்டைச் சுற்றி அவை தரும் முறுக்குவிசைதான் நாயை முன்னே தள்ளுகிறது. எடையைத் தாங்கும் பொறுப்போ எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும், விரலுக்கும் உரியது. தாங்கும் உறுப்புக்கு எவ்வளவு சுமை ஏறினாலும் தள்ளும் உறுப்புக்கு அது உறைப்பதில்லை. வேகத்தைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று, அதற்கு விலை கொடுக்கும் இடம் வேறொன்று. பந்தய நாய்களின் கால் காயங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்பது என் எண்ணம்.

விலை கொடுக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நாய் விரல்களின் மேல் நிற்கும் விலங்கு. பின்னங்காலில் பின்னோக்கி மடங்கிய முழங்கால் என்று பலரும் நினைக்கும் இடம் உண்மையில் அதன் கணுக்கால். ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்கள் எடையைத் தாங்குகின்றன. முன்னங்காலின் உட்புறத்தில் சற்று உயரே ஒட்டிக்கொண்டிருப்பது முதல் விரல். நிற்கும்போது அது தரையில் படாது. அங்கிருந்து வெளிப்பக்கமாக இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ண வேண்டும். நடுவிலுள்ள மூன்றும் நான்கும் நீளமானவை, பாரத்தில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். இந்த நான்கு விரல்கள் ஒவ்வொன்றிலும் மூன்று சிறு எலும்புகளும் அவற்றுக்கிடையே இரண்டு மூட்டுகளும் இருக்கின்றன. மூட்டின் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு தசைநார், எலும்போடு எலும்பைப் பிணைத்துப் பக்கவாட்டில் ஆடாமல் வைத்திருக்கிறது. விரலின் அடிப்பக்கத்தில் இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. மேலோட்டமானது நடு எலும்பில் முடிந்துவிடுகிறது. ஆழமானது அதன் ஊடே புகுந்து, நகத்தைத் தாங்கும் கடைசி எலும்புவரை போகிறது.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால், நாயைச் சமதரையில் நிறுத்திப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். நகம் மட்டும் வானம் பார்த்து நின்றால் ஆழமான நாண் அறுந்திருக்கிறது. வளைந்து நிற்க வேண்டிய விரல் தட்டையாகச் சரிந்து கிடந்தால் மேலோட்டமான நாண் போய்விட்டது. தோற்றத்தில் மாற்றம் இல்லாமல் மூட்டு மட்டும் வீங்கியிருந்தால் தசைநாரைச் சந்தேகிக்க வேண்டும்.

பந்தயத்தில் எந்தப் பாதம் கெடும் என்பதும் பெருமளவு முன்பே தெரிந்ததுதான். திறந்த வெளியில் முயலைத் துரத்திக்கொண்டிருந்த நாயை நீள்வட்டத் தடத்துக்குக் கொண்டுவந்தது இயந்திர முயல். ஓவன் பாட்ரிக் ஸ்மித் அதை வைத்து 1919-ல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் தடம் அமைத்தார். 1926-ல் மான்செஸ்டரின் பெல் வ்யூ அரங்கம் வழியாக அது பிரிட்டனில் பரவியது. வழக்கமாக ஓட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். இடப்பக்கம் சாயும் நாயின் இடது முன்பாதத்தில் வெளிவிளிம்பும், வலது முன்பாதத்தில் உள்விளிம்பும் அதிக பாரம் வாங்குகின்றன. ஆகவே விரல்களுக்கு மேலே உள்ள நீள எலும்புகளில், இடக்காலில் ஐந்தாவதும் வலக்காலில் இரண்டாவதும்தான் அதிகம் முறிகின்றன. பின்னங்கால் என்றால் வலது கணுக்காலின் மைய எலும்பு. எந்த நாய் ஜெயிக்கும் என்று பணம் கட்டுவதைவிட, எந்த எலும்பு உடையும் என்று கட்டுகிறவனுக்கு லாபம் அதிகம் என்று கசப்பாகச் சொல்லத் தோன்றுகிறது.

500 மீட்டர் ஓட்டம் சுமார் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் நூறு பாய்ச்சல் அளவுக்கு ஆகிவிடுகிறது. திரும்பத் திரும்ப ஒரே பக்கம் பாரம் விழும்போது எலும்பு சும்மா இருப்பதில்லை. பாரம் விழும் பக்கத்தைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. பந்தய நாய்களின் வலது கணுக்கால் மைய எலும்பு இடதைவிட அடர்த்தியாக இருப்பது இதனால்தான். ஆனால் இந்தச் சீரமைப்பில் பழைய எலும்பைக் கரைத்துத்தான் புதியதைக் கட்ட முடியும். கட்டும் வேகத்தைப் பயிற்சியின் வேகம் மிஞ்சினால் நுண்ணிய விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். 'திடீரென்று உடைந்தது' என்று சொல்லப்படும் எலும்பு பெரும்பாலும் வாரக்கணக்கில் உடைந்துகொண்டிருந்த எலும்பு. வளைவுதான் காரணம் என்றால் வளைவை எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் ஹீல்ஸ்வில் போன்ற சில இடங்களில் நேர்த்தடங்கள் உண்டு. நியூசிலாந்து ஒரு படி மேலே போய், இந்தப் பந்தயத்துக்கே முடிவு கட்டப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது.

நம் நாட்டில் நாய்ப் பந்தயம் அப்படியொரு தொழிலாக வளரவில்லை. ஆனால் கிரேஹவுண்டை ஒத்த ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் நீண்ட காலும் கொண்ட நாய்கள் நீலகிரியில் இருக்கின்றன. கரிசல் காட்டில் நேராக ஓடிப் பழகிய பரம்பரையில் வந்த சிப்பிப்பாறை, கன்னி நாய்களை மலைக்குக் கொண்டுவந்து காவலுக்கு வளர்க்கிறார்கள். இங்கே அவற்றுக்கு நேர்க்கோடு கிடைப்பதில்லை. சரிவு, படிக்கட்டு, கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கூரான குச்சிகள், தோட்டத்துக்காரர்கள் கான் என்று சொல்லும் வடிகால் என எல்லாமே விரலுக்கு எதிரி. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கும். சரிவில் இறங்கும்போது அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரின் அறையில் அப்படியொரு கன்னி நாயைப் பார்த்தேன். இரவில் காட்டுப்பன்றியின் பின்னால் ஓடிக் கானைத் தாண்டியிருக்கிறது. இடது முன்பாதம், ஐந்தாம் விரல். மருத்துவர் விரலின் முதல் எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நடு எலும்பை மறு கையின் கட்டைவிரலால் மெல்ல உட்பக்கம் தள்ளினார். மூட்டின் வெளிப்பக்கம் திறந்துகொண்டது. தோலுக்கு அடியில் ஒரு குழி விழுந்து மறைந்தது. நாய் முனகவில்லை, உதட்டை மட்டும் நக்கிக்கொண்டது. எக்ஸ்ரேயில் மூட்டின் ஓரமாக அரிசிக் குருணை அளவில் ஓர் எலும்புத் துணுக்கு. தசைநார் அறுபடாமல், தான் ஒட்டியிருந்த எலும்பையே பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

"புத்தூர்க் கட்டு மாதிரி நானே மூங்கில் வைத்துக் கட்டினேன் டாக்டர்" என்றார் நாயைக் கொண்டுவந்த பெரியவர்.

"கட்டியது சரிதான் ஐயா. விரல் இடுக்குகளில் பஞ்சு வைக்கவில்லையே, உள்ளே புண்ணாகிவிட்டது பாருங்கள்" என்றார் மருத்துவர்.

இத்தகைய காயத்துக்கு வழிகள் மூன்று. மூட்டின் குருத்தெலும்பு நன்றாக இருந்தால் தசைநாரைத் தைக்கலாம். முன்னங்காலில் இறுக்குப்பட்டை போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டு, மூட்டின் பக்கவாட்டில் சிறிய கீறல் போடுவார்கள். கிழிந்த நுனிகளை மெல்லிய நூலால் சேர்த்து, தேவைப்பட்டால் இரு எலும்புகளிலும் நுண்துளையிட்டு எட்டு வடிவில் நூலைக் கோத்து இறுக்குவார்கள். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. தையல் ஆறிய பிறகும் பழைய வலு திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

மூட்டுப் பரப்பு சிதைந்திருந்தால் மூட்டையே இல்லாமல் செய்துவிடுவது இரண்டாவது வழி. இரு எலும்பு முனைகளிலும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, கம்பியாலோ, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் திருகாணிகள் போட்ட சிறு தகட்டாலோ பிணைத்தால் இரண்டும் ஒரே எலும்பாக வளர்ந்துவிடும். கோணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. விரலின் இயல்பான வளைவில் பிணைக்க வேண்டும். நேராக்கிவிட்டால் நகமும் விரலடியின் மெத்தென்ற திண்டும் தப்பான இடத்தில் தரையைத் தொடும்.

மூன்றாவது வழி, விரலை எடுத்துவிடுவது. கேட்டவுடன் வளர்ப்பவர்களின் முகம் வாடிவிடும். ஓரத்திலுள்ள இரண்டாம் அல்லது ஐந்தாம் விரலை இழந்த நாய், சில வாரங்களில் எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது. வீட்டு நாய்க்கு நீண்ட காலக் கட்டைவிட இது கருணையான வழி என்றே நினைக்கிறேன். கெடுதல் நகத்தை ஒட்டிய மூட்டில் மட்டும் என்றால் நகத்தோடு கடைசி எலும்பை மட்டும் நீக்கி, அடித்திண்டை அப்படியே விட்டுவிடவும் முடியும். மூன்றையும் நான்கையும் எடுக்கத்தான் தயங்க வேண்டும். அவை சுமந்த பாரம் பக்கத்து விரலுக்குப் போகும். கிரேஹவுண்டுகளுக்கு ஏற்கெனவே நம்மைப் போலவே பாதத்தில் கால் ஆணி வரும் இயல்பு உண்டு. அதிகமாக வருவதும் இதே நடு விரல்களில்தான். பந்தயக்காரரின் கேள்வி மறுபடி ஓடுமா என்பது. நாய்க்கு வேண்டியது வலியில்லாமல் பாதத்தை ஊன்றுவது. இந்த இரண்டு கேள்விக்கும் விடை எப்போதும் ஒரே அறுவையாக இருப்பதில்லை.

விரல் அறுவை சிறியது. மயக்க மருந்து சிறியதல்ல. தயோபென்டோன் போன்ற மருந்து மூளையை விட்டுத் தசைக்கும் கொழுப்புக்கும் பரவும்போதுதான் சாதாரண நாய் கண்விழிக்கிறது. கிரேஹவுண்டின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. போதாக்குறைக்கு, அந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியும் மந்தமாகவே வேலை செய்கிறது. எனவே பல மணி நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும். மற்ற நாய்களில் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டினால் உடலில் நீர் வற்றியதாகச் சந்தேகிப்பார்கள். கிரேஹவுண்டுக்கு 60 கூட இயல்புதான். இன்னொன்று, தாமதமான ரத்தக்கசிவு. கருத்தடை அறுவைக்குப் பின் கவனித்தபோது ஏறக்குறைய நான்கில் ஒரு கிரேஹவுண்டுக்கு, எல்லாம் நன்றாக முடிந்து 36 முதல் 48 மணி நேரம் கழித்துக் கசிவு வந்திருக்கிறது. உறைந்த ரத்தம் காலத்துக்கு முன்பே கரைந்துவிடுவதாகக் கருதுகிறார்கள். நம் ஒல்லி நாய்களையும் அதே எச்சரிக்கையோடு நடத்துவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. உறைபனி விழும் ஜனவரியில் உதகையில் அறுவை என்றால் உடல் சூடு இறங்காமல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் தயாராக இருக்க வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய கட்டுதான் பலரும் கோட்டைவிடும் இடம். விரல் இடுக்குகளில் பஞ்சு வைத்து, நடு விரல்களின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். அந்த நுனிகள் குளிர்ந்தாலோ, இரண்டு நகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினாலோ உள்ளே வீங்குகிறது என்று பொருள். உடனே கட்டைப் பிரிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த கட்டு ஒரே நாளில் நாறிவிடும். காலியான குளுக்கோஸ் பையை வெட்டி உறைபோல மாட்டி வெளியே அழைத்துப்போய், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடலாம். மாட்டியபடியே விட்டால் உள்ளே வியர்த்து அதே கதிதான். எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை சங்கிலியில்தான் நடை, அதுவும் சமதரையில். கட்டு அவிழ்த்த பிறகு நகங்களைக் குட்டையாக வைத்திருக்க வேண்டும். நீண்ட நகம் ஒவ்வோர் அடியிலும் நெம்புகோலாகி, தைத்த மூட்டைத்தான் நெம்பும்.