பூட்டிய மனநல வார்டுக்குள் யார் பார்ப்பது?

ஒரு மருத்துவமனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வருபவர் முதலில் கேட்பது இறப்புக் கணக்கைத்தான். எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் நடந்த கோளாறு இப்படித்தான் பிடிபட்டது. அங்கேயே வேலை பார்த்த மயக்க மருந்து மருத்துவர் ஸ்டீஃபன் போல்சின், மற்ற ஊர்களைவிடத் தங்கள் பிரிவில் குழந்தைகள் அதிகம் இறப்பதைக் கவனித்துக் கணக்கெடுக்கத் தொடங்கினார். பிறகு அமைந்த விசாரணைக் குழு 2001இல் அறிக்கை கொடுத்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. வழக்கமான தரத்தில் உள்ள ஒரு பிரிவாக இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கிலும் சிக்கல் உண்டு. ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்கு 50 அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன, அந்த வகை நோயாளிகளில் நூற்றுக்கு 5 பேர் இறப்பது எங்கும் வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு அல்லது மூன்று இறப்புகளை எதிர்பார்க்கலாம். அந்த ஆண்டு 5 பேர் இறந்துவிட்டார்கள். இரண்டு மடங்கு! மருத்துவர்மீது நடவடிக்கை எடுத்துவிடலாமா? பொறுக்க வேண்டும். யாருடைய தவறும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே 5 அல்லது அதற்கு மேல் இறப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. இதே அளவுள்ள நூறு மருத்துவமனைகள் இருந்தால், அவற்றில் பத்து ஒரு குற்றமும் செய்யாமலே மாட்டிக்கொள்ளும். அதுவே 500 அறுவை சிகிச்சைகளில் 50 இறப்பு என்றால் விஷயம் வேறு. விகிதம் அதேதான், ஆனால் அதைத் தற்செயல் என்று சொல்லவே முடியாது. பெரிய மருத்துவமனைக்குக் கடைசி நேரத்தில் அனுப்பப்படும் நோயாளிகள் அதிகம் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஆக, எண்ணிக்கையை வைத்துக் கண்காணிக்கலாம், கொஞ்சம் புள்ளியியல் தெரிந்தால் போதும்.

மனநல மருத்துவமனைக்கு வந்தால் இந்த வழி அப்படியே அடைபட்டுப்போகிறது. அங்கே எதை எண்ணுவது? ஒருவரை ஆறு மாதம் காரணமில்லாமல் பூட்டி வைத்திருந்தால், அது எந்த இறப்புக் கணக்கிலும் வராது. அடி விழுந்தாலும், தலையை மழித்தாலும், வீட்டுக்கு ஒரு போன்கூடப் பேச விடாவிட்டாலும் புள்ளிவிவரத்தில் ஒரு கோடுகூட ஏறாது. நோயாளிகளைக் கட்டிப்போட்ட நிகழ்வுகளை எண்ணலாமே என்று தோன்றும். ஆனால் நேர்மையாக ரெஜிஸ்டரில் எழுதும் மருத்துவமனையில் அந்த எண்ணிக்கை கூடும், எழுதாத இடத்தில் பூஜ்யம் இருக்கும். பூஜ்யத்தைப் பார்த்து மகிழ்ந்துபோகிற அதிகாரி, மோசமான மருத்துவமனைக்கே நல்ல சான்றிதழ் கொடுத்துவிட்டு வருவார்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. எலும்பு முறிவுக்காகப் படுத்திருப்பவர் "என்னை அடித்தார்கள்" என்றால் கேட்பவர் நம்புவார். மனநல வார்டில் இருப்பவர் அதையே சொன்னால், அது நோயின் அறிகுறி என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. புகார் சொல்பவரின் வார்த்தைக்கு மதிப்பே இல்லாமல் போகும் இடம் அது. மனநலச் சேவையைக் கண்காணிக்கும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்தான் என்று நான் நினைக்கிறேன். நோயாளியின் குரல், மருத்துவமனையைத் தாண்டி வெளியே போக ஒரு வழி வேண்டும். அந்த வழியின் சாவி மருத்துவமனையின் கையில் இருக்கக் கூடாது.

இந்தியா இதை மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தனியார் நடத்தும் மனநல மருத்துவமனைகளுக்கு உரிமம் வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் உரிமமே வாங்காமல் நடக்கும் இடம் அரசின் பதிவேட்டில் இருக்காது. பதிவேட்டில் இல்லாத இடத்துக்கு ஆய்வுக்கு யார் போவார்கள்? அந்தச் சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. மத்திய, மாநில அரசுகளே நடத்தும் மருத்துவமனைகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். அதிக நோயாளிகளை வைத்திருந்த பெரிய பழைய மனநல மருத்துவமனைகள் அரசுடையவைதான்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இந்த இரண்டையும் சரி செய்யப் பார்க்கிறது. அரசோ, தனியாரோ, அறக்கட்டளையோ, சித்தா, ஆயுர்வேத மருத்துவமனையோ, மனநோய் உள்ளவர்களைச் சிகிச்சைக்காகத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த நிறுவனமும் பதிவு செய்தாக வேண்டும். உறவினரோடும் நண்பரோடும் வாழும் வீட்டுக்கு மட்டும் விலக்கு. சங்கிலியால் கட்டுவதை முழுமையாகத் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் மின்னதிர்ச்சி சிகிச்சை தரக் கூடாது. கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது, கட்டாயச் சீருடை கூடாது என்றுகூட எழுதியிருக்கிறார்கள்.

தடைகளைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, இந்தச் சட்டம் கடிகாரத்தை வைத்துக் கண்காணிக்கும் முறை. எண்ணிக்கை உதவாத இடத்தில் நேரம் உதவுகிறது. தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவரை, அவர் நியமித்த பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கலாம். ஆனால் இருவர் தனித்தனியாக அவரைச் சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். சேர்க்கப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாட்களுக்குள், மற்றவர்கள் என்றால் 7 நாட்களுக்குள் வெளியே உள்ள ஒரு வாரியத்துக்குத் தகவல் போயாக வேண்டும். முதல் சேர்க்கை 30 நாள் வரைதான். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் வாரியம் அனுமதிக்க வேண்டும். முதலில் 90 நாள், அடுத்து 120, பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை. ஒருவரைக் கட்டுப்படுத்திப் பிடித்து வைக்க நேர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் அவருடைய பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும்.

இதன் நுட்பம் இதுதான்: நோயாளி வாய் திறக்காவிட்டாலும், யாரும் புகார் தராவிட்டாலும், நாள் ஓடினாலே கேள்வி எழும். காகிதம் வரவில்லை என்றால் அதுவே ஒரு தடயம். இங்கே சரிபார்க்க வேண்டியது யாருடைய குணத்தையோ நடத்தையையோ அல்ல, வெறும் தேதிகளை மட்டுமே.

சரி, அந்த வாரியத்தில் யார் இருக்கிறார்கள்? மனநல மறுஆய்வு வாரியம் என்று பெயர். ஆறு பேர். மாவட்ட நீதிபதியோ ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியோ அதற்கு இணையான தகுதியுள்ள நீதித்துறை அதிகாரியோ தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், பொது மருத்துவர் ஒருவர். மீதி இரண்டு இடங்களை மனநோயை அனுபவித்தவர்களுக்கோ அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ, அவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பினருக்கோ ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு இடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. வார்டுக்குள் படுத்திருந்த ஒருவருக்கு, ஆய்வுக்கு வருபவர்கள் பார்க்கத் தவறும் இடங்கள் தெரியும். ராத்திரியில் கழிவறைக் கதவு பூட்டப்படுகிறதா, மருந்தை மறுத்தால் என்ன நடக்கிறது என்று அவர்தான் கேட்பார்.

ஆனால் வாரியத்துக்கு மேலே பார்த்தால் நெருடுகிறது. மாநில அளவில் மனநல நிறுவனங்களைப் பதிவு செய்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டிய பொறுப்பு மாநில மனநல ஆணையத்துக்கு. அதன் தலைவர் மாநிலச் சுகாதாரத் துறைச் செயலாளர். அரசு மனநல மருத்துவமனையை நடத்துவது யார்? அதே சுகாதாரத் துறை. அந்தச் செயலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் துறையின் ஆள் பற்றாக்குறையைத் தானே குற்றமாகப் பதிவு செய்வது எளிதல்ல. நீதிபதி தலைமையில் வாரியம் அமைவதற்குச் சட்டத்தில் அழுத்தம் கொடுத்ததன் அவசியம் இங்கேதான் புரிகிறது. வாரியம் அமையாத, அல்லது அமைந்தும் கூடாத மாவட்டத்தில் மேலே சொன்ன கடிகாரம் முழுவதும் நின்றுவிடும். மருத்துவமனை அனுப்பும் தகவலைப் பிரித்துப் பார்க்கவே ஆள் இருக்காது.

அரசுக்கு வெளியிலிருந்து பார்க்கும் கண் ஒன்றும் உண்டு. 1997இல் உச்ச நீதிமன்றம் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மனநல மருத்துவமனைகளை மேற்பார்வையிடும் வேலையைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. அதே ஆணையம் 2023 ஜனவரியில், நாட்டிலுள்ள 46 அரசு மனநல நிறுவனங்களிலும் நிலைமை மனிதத்தன்மையற்றதாக இருப்பதாகச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. புதிய சட்டம் வந்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு! குணமடைந்தவர்களையும் வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது ஆணையம் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று.

அந்தக் குறை எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலிக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. அவர்கள் வெளியே வாழ இடைநிலை இல்லங்களை அரசு உருவாக்கித் தர வேண்டும். 2017இல் உச்ச நீதிமன்றமும் குணமடைந்தவர்களின் மறுவாழ்வு குறித்து மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மருத்துவமனைச் சுவருக்குள் மட்டும் ஆய்வு செய்தால் இது பிடிபடாது. படுக்கை சுத்தம், சாப்பாடு நேரத்துக்கு, மருந்து இருப்பு சரி. எல்லாவற்றிலும் தேறிவிடலாம். டிஸ்சார்ஜ் ஆகத் தகுதியானவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வெளியே போனார்கள் என்ற ஒரு வரியைக் கேட்டால்தான் தெரியும். எண்ணிக்கை உதவாத இந்தத் துறையில், எண்ணத் தகுந்த ஒரே எண் இதுதான் என்பேன்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி உள்ளே இருந்தால், வாரியத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. நோயாளியே எழுதலாம், அவர் நியமித்த பிரதிநிதி எழுதலாம், அவர் சம்மதித்தால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் எழுதலாம். வழக்கறிஞர் வேண்டுமானால் இலவசச் சட்ட உதவி பெற அவருக்கு உரிமை உண்டு. அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டிருந்தால், அந்த மேல்முறையீட்டில் வாரியம் 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளுக்கு மேல் தொடர்ந்து வைத்திருப்பதை எதிர்த்தால் 21 நாள். மற்ற பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு 90 நாள்.