ஏஐ வீடியோவில் தூரத்து முகம் ஏன் உருகுகிறது?

க்ளோசப்பில் கச்சிதமாக வரும் முகம், அதே ஆள் பத்தடி தள்ளி நின்றதும் மெழுகாக உருகிவிடும். ஏஐ வீடியோ கருவிகளைத் தொட்டவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். கருவி சரியில்லை, வேறொன்றுக்கு மாறுவோம் என்று உடனே தோன்றும். மாறினாலும் அநேகமாக அதே ஷாட்தான் கெடும், ஏனென்றால் பெயர்கள் வேறானாலும் இவை பெரும்பாலும் ஒரே அடிப்படையில் கட்டப்பட்டவை. அந்த அடிப்படை தெரிந்தால் எந்த ஷாட்டைக் கேட்கலாம், எதைக் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அலிபாபா 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வான் 2.1 மாடலை வைத்துக் கணக்குப் போடலாம். அதன் உள்ளமைப்பு எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. மூடிய கருவிகள் இவ்வளவு எண்களைச் சொல்வதில்லை. ஆனாலும் 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐயின் சோரா பற்றி வந்த தொழில்நுட்ப அறிக்கை விவரிப்பதும் இதே வழியைத்தான்.

வான் ஒரு முறைக்கு 81 ஃபிரேம் தரும். விநாடிக்கு 16 ஃபிரேம் வீதம் சுமார் 5 விநாடி. 1280×720 அளவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று வண்ண எண்கள் என்றால் மொத்தம் ஏறத்தாழ 22 கோடியே 39 லட்சம் எண்கள். இவ்வளவையும் நேரடியாகக் கையாள முடியாது. அதனால் முதலில் ஒரு சுருக்கி வேலை செய்கிறது: அகலத்தையும் உயரத்தையும் எட்டில் ஒன்றாக்கும், நேரத்தை நான்கு ஃபிரேமுக்கு ஒன்றாக்கும் (முதல் ஃபிரேம் மட்டும் தனி). மிஞ்சுவது 160×90×21 கட்டங்கள், கட்டத்துக்கு 16 எண்கள், ஆக மொத்தம் 48 லட்சம் சொச்சம். பிறகு பக்கத்துக்குப் பக்கம் உள்ள நான்கு கட்டங்கள் சேர்ந்து ஒரு டோக்கன் ஆகின்றன. முழு வீடியோவும் மாடலுக்கு 75,600 டோக்கன்கள்தான்.

ஆக, ஒரு டோக்கனுக்குள் 16×16 பிக்சலும் நான்கு ஃபிரேமும் அடங்கியிருக்கின்றன. வைட் ஷாட்டில் 48 பிக்சல் உயரமுள்ள முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண், மூக்கு, வாய், முகபாவம் எல்லாம் சேர்ந்து மூன்றுக்கு மூன்று என ஒன்பது டோக்கனுக்குள் ஒடுங்க வேண்டும். கடைசியில் சுருக்கத்தை விரிக்கும் பகுதி மீதியை ஊகித்து நிரப்புகிறது, அந்த ஊகம் நேரத்துக்கு நேரம் மாறும்போது முகம் நெளிகிறது. கைக்கணக்காகச் சொன்னால், அடையாளம் தெரிய வேண்டிய முகம் ஃபிரேம் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். அதற்கும் தொலைவில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆளைத் திருப்பி முதுகைக் காட்டுங்கள், அல்லது நிழலுருவமாக்குங்கள். ஒளிப்பதிவாளர்கள் வேறு காரணங்களுக்காகச் செய்வதுதான், இங்கேயும் உதவுகிறது.

நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. நான்கு ஃபிரேம் என்பது கால் விநாடி. விரல் சொடுக்குவது, தீக்குச்சி உரசுவது, சீட்டுக்கட்டைக் கலைக்கும்போது ஒவ்வொரு சீட்டும் நகர்வது எல்லாம் ஏறத்தாழ அதற்குள் முடிந்துவிடும் அசைவுகள், அதனால்தான் விரல்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. செயலை மெதுவாகச் செய்யும்படி ப்ராம்ப்ட் (மாடலுக்கு எழுதும் கட்டளை) எழுதி, எடிட்டிங்கில் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ வேகமாக்குவது நல்ல மாற்று வழி.

வீடியோ உருவாகும் விதம் இப்படி: தொடக்கத்தில் எல்லா டோக்கன்களிலும் வெறும் இரைச்சல், அதாவது தாறுமாறான எண்கள் மட்டுமே இருக்கும். 40 அல்லது 50 படிகளில் மாடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைகிறது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு டோக்கனும் மற்ற எல்லா டோக்கன்களையும் பார்க்கிறது. முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாகவே உருப்பெறுகின்றன. ஒரு க்ளிப்புக்குள் சட்டை நிறம் மாறாமல் இருப்பது இதனால்தான். அடுத்த க்ளிப்பில் மாறிவிடுவதும் இதனால்தான், ஏனெனில் முந்தைய க்ளிப்பின் நினைவு எதுவும் மாடலிடம் இல்லை.

எல்லாமும் எல்லாவற்றையும் பார்ப்பதற்கு விலை உண்டு. 832×480 அளவில் டோக்கன் 32,760. அதை 1280×720 ஆக்கினால் டோக்கன் 2.3 மடங்கு ஆகிறது, இந்தப் பார்வை வேலை மட்டும் 5.3 மடங்கு ஆகிறது. நீளத்தை 10 விநாடியாக்கினால் டோக்கன் 1,47,600, பார்வை வேலை இன்னும் 3.8 மடங்கு. கூகுளின் வியோ 3 எட்டு விநாடியிலும் ரன்வே நிறுவனத்தின் ஜென்-4 ஐந்து அல்லது பத்து விநாடியிலும் நின்றதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம்.

கடைசி ஃபிரேமை எடுத்து அடுத்த க்ளிப்பின் தொடக்கமாக்கி நீட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் படம் சுருங்கி விரிகிறது: தோல் வழவழப்பாகும், கான்ட்ராஸ்ட் ஏறும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஓர் அசையாப் படத்தில் வேகம் பதிவாகியிருக்காது. ஓடிக்கொண்டிருந்த கார் ஒட்டுமிடத்தில் தயங்கி மறுபடி கிளம்பும். இரண்டு தடவைக்கு மேல் நீட்டாமல், கோணத்தை மாற்றி வெட்டிவிடுவதே மேல். தற்காலப் படங்களில் பல ஷாட்கள் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன, பார்வையாளர் வெட்டுக்குப் பழகியவர்.

கதைப்படத்துக்கு எழுத்திலிருந்து நேராக வீடியோ கேட்பது பெரும்பாலும் வீண். முதலில் ஸ்டில் படத்தைத் திருப்தியாகும் வரை செய்து, அதிலிருந்து வீடியோவுக்குப் போங்கள். உடை, ஒளி, லென்ஸ், ஆள் எல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடும். அதன்பின் ப்ராம்ப்டில் படத்தை மறுபடி வர்ணிக்கத் தேவையில்லை, அசைவை மட்டும் எழுதினால் போதும்: ஒரு கேமரா அசைவு, ஒரு செயல். ‘கேமரா மெதுவாக முன்னேறுகிறது, அவள் தம்ளரை மேசையில் வைக்கிறாள்.’ இதில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று விடுபடும்.

‘குடை வேண்டாம்’ என்று எழுதினால் குடை வந்து நிற்கும். மறுப்பை மாடல்கள் சரியாகப் பிடிப்பதில்லை, குடை என்ற சொல்தான் ஏறுகிறது. விலக்க வேண்டியதை எழுதத் தனி நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டி இருந்தால் அங்கே எழுதுங்கள். அது வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு படியிலும் மாடல் இரண்டு முறை ஓடுகிறது, ஒருமுறை உங்கள் ப்ராம்ப்டோடு, இன்னொருமுறை நெகட்டிவ் ப்ராம்ப்டோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக்கப்படுகிறது. பெருக்கும் அளவைத்தான் கைடன்ஸ் என்கிறார்கள். வான் மாடலில் 5, 6 சரியாக இருக்கும், மிகவும் கூட்டினால் நிறங்கள் கத்தும். நான்கைந்து படிகளில் முடிக்கும் வேக வடிவங்கள் கைடன்ஸ் 1-ல் ஓடுபவை. அவற்றில் இரண்டாவது ஓட்டம் கிடையாது, ஆகவே நெகட்டிவ் ப்ராம்ப்டில் என்ன எழுதினாலும் பலனில்லை. இது தெரியாமல் மணிக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இனி ஒப்பிடுவது. நிறுவனங்கள் காட்டும் மாதிரி வீடியோவை மறந்துவிடுங்கள், பொறுக்கி எடுத்த ஒன்று எதையும் நிரூபிக்காது. மொத்தமாக ஒரு மதிப்பெண்ணும் உதவாது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் விபெஞ்ச் அளவீடே தரத்தை 16 கூறுகளாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. உங்கள் திரைக்கதையிலிருந்தே ஆறு ஷாட் எடுங்கள்: வசனம் பேசும் க்ளோசப், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் பொருள், கூட்டத்தில் நடப்பவர், ஆளைச் சுற்றிவரும் கேமரா, தண்ணீரோ பறக்கும் துணியோ, எழுத்து தெரியும் இன்சர்ட். எல்லாக் கருவிக்கும் ஒரே தொடக்க ஸ்டில், ஒரே ப்ராம்ப்ட், ஷாட்டுக்கு நான்கு டேக். ப்ராம்ப்டைத் தானாக விரித்தெழுதும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் சோதிப்பது அந்த எழுத்தாளரை. நான்கில் சிறந்ததை மட்டும் வைத்து மதிப்பிடாமல், நான்கையும் ஒலியில்லாமல் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துப் பயன்படும் விநாடிகளைக் குறியுங்கள்.

கணக்கு இப்படி வரும். முதல் கருவியில் டேக்குக்கு 20 கிரெடிட் (கருவிகள் கட்டணத்தைக் கணக்கிடும் அலகு), நான்குக்கு 80, தேறியது 4 விநாடி. இரண்டாவதில் டேக்குக்கு 35, நான்குக்கு 140, தேறியது 14 விநாடி. மலிவாகத் தெரிந்தது விநாடிக்கு 20 கிரெடிட், விலை கூடியது 10. இந்த விகிதம் ஷாட்டுக்கு ஷாட் மாறும், அதனால் ஒரு படத்துக்கு ஒரே கருவி என்று முடிவெடுப்பது பெரும்பாலும் தவறு.

எங்கே தொடங்குவது என்று கேட்டால்: வசனமும் சத்தமும் படத்தோடு சேர்ந்தே வர வேண்டுமென்றால் வியோ 3 வகை. ஒரே பாத்திரம் பல ஷாட்டில் வர வேண்டுமென்றால் ரன்வே ஜென்-4 போல பாத்திரத்தின் மாதிரிப் படங்களை (ரெஃபரன்ஸ்) ஏற்பவை. தொடக்க ஃபிரேமும் முடிவு ஃபிரேமும் கொடுத்து நடுவை நிரப்பச் சொல்ல க்ளிங் வசதி. முழுக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் வானையோ, அதைப் போலவே திறந்த மாடலான ஹுன்யுவானையோ கம்ஃபியூஐ என்ற மென்பொருள் வழியாகச் சொந்தக் கணினியில் ஓட்டி, நடிகரின் சம்மதத்தோடு 20, 30 படங்கள் கொடுத்து ஒரு லோரா (அந்த முகத்தை மாடலுக்குக் கற்றுத்தரும் சிறிய துணைக் கோப்பு) பயிற்றுவிக்கலாம். வானின் 130 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய வடிவத்துக்குச் சுமார் 8.2 ஜிபி விரேம் (கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகம்) போதும்.

எடிட்டிங் மேசையில் முதலில் இடிப்பது ஃபிரேம் வேகம். 16 ஃபிரேம் வீடியோவை 24 என்று நினைத்து டைம்லைன் எடுத்துக்கொண்டால் எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடப்பார்கள். 16 ஆகவே விட்டால் சில ஃபிரேம்கள் இரட்டித்து நடை திக்கும். ரைஃப் போன்ற இடைச்செருகும் கருவியில் மூன்று மடங்காக்கி 48 ஆக்குங்கள், பிறகு ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் சுத்தமான 24 கிடைக்கும். கலர் கிரேடிங்கிலும் கை அடக்கம் வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது நிறப் படிகள் குறைவான, சுருக்கப்பட்ட 8 பிட் எச்.264 கோப்பு, அதில் வானத்தை இரண்டு படி இழுத்தாலே பட்டை பட்டையாகப் பிரியும். பெரிய வண்ண மாற்றங்களை ஸ்டில்லிலேயே முடித்துவிட்டு, வெவ்வேறு கருவிகளின் ஷாட்கள் சேரும் டைம்லைன் முழுவதற்கும் கடைசியில் ஒரே கிரெய்ன் (ஃபிலிம் போன்ற பொடிப்புள்ளி) போடுங்கள். மாடலின் பெயர், பதிப்பு, சீட் எண் (தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண்) மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். இணையச் சேவைகளில் பதிப்பு மாறிவிட்டால் பழைய சீட் எண் கொடுத்தாலும் பழைய ஷாட் திரும்ப வராது.